டயரில் காற்று பார்க்கும் டீச்சர்

“இன்டிகேட்டரைப் போடு. இடது பக்கம். மெதுவா பங்க்குக்குள்ள விடு. டயர்ல காத்து பாக்கணும்.”

“நேத்துதானே பாத்தோம் டீச்சர்?”

“நேத்துப் பாத்தது நேத்தோட போச்சு. விடும்மா உள்ள.”

ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவள் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் பெட்ரோல் பங்க்குக்குள் வண்டியைத் திருப்பி, பிரேக் எங்கே என்று காலால் துழாவி, ஒரு வழியாக நிறுத்தி முடிப்பதற்குள் டீச்சர் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். ஓடமாட்டார். ஓடினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதைவிட, ஓடினால் காரியமே கெட்டுவிடும். முதுகை விறைப்பாக நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பரிசு வாங்க மேடைக்குப் போகிறவர் மாதிரி நடப்பார். பங்க்கில் பணம் வாங்கிப் போடும் அம்மா இவர் தலையைக் கண்டதுமே கழிப்பறைச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவார். இதற்காக இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை.

பல் ஆஸ்பத்திரிப் பெண் பாவம், இறங்கி நான்கு டயருக்கும் சிரத்தையாகக் காற்று பார்ப்பாள். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். இந்த ஊரில் இந்தக் காரின் டயரைப் போல் கவனிப்புக் கிடைத்த டயர் வேறு கிடையாது.

பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லித் தருவதற்கென்று ஊரில் இருப்பது இவர் ஒருவர்தான். ஐம்பதைத் தாண்டியாயிற்று. ஒல்லியான உடம்பு, கட்டையாக வெட்டிய முடி, எந்த வெயிலிலும் கறுப்புப் பேண்ட். வெளிர் நிறத்தில் ஒரு துணி அவர் அலமாரியில் இருந்து வருஷக்கணக்காகிறது. காரின் பின்பக்கத்தில், மாற்று டயருக்கு அடியில், ஒரு பை இருக்கும். அதில் இன்னொரு கறுப்புப் பேண்ட், துண்டு, சோப்பு. ஒரு மாணவி பார்த்துவிட்டுக் கேட்டபோது, “ஜிம்முக்குப் போறேன்” என்று அடித்துவிட்டார். இந்த உடம்பை வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொன்னோம் என்று பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது. அந்தப் பெண் நம்பிவிட்டாள். டீச்சர் சொன்னால் நம்பாமல் இருக்க முடியாது.

திட்டவே மாட்டார். “முன்னாடி பாரு, என்னைப் பாக்காதே. நான் ஒண்ணும் அவ்வளவு அழகில்ல” என்பார். சுவரில் மோதப்போய் மயிரிழையில் நின்றால், “சரி, சுவரை விசாரிச்சாச்சு. வீட்ல எல்லாரும் சௌக்கியமாம். இப்ப ரிவர்ஸ் போடு” என்பார். கை நடுங்குகிறவர்கள், கணவனிடம் கற்றுக்கொள்ளப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள், காலேஜ் பெண்கள், எல்லாரும் இவரிடம்தான் வருகிறார்கள். அவமானத்தை வைத்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது என்று இவருக்குத் தெரிவதால் மற்றவர்களை அவமானப்படுத்த வாய் வரவில்லையோ என்னவோ.

பெருங்குடலில் புண். ஆறும், மறுபடி வரும். வருவதற்கு முன்னால் கடிதம் போட்டுவிட்டெல்லாம் வராது. “இது போகாதும்மா. ஆனா இதனால உயிருக்கு ஒண்ணும் ஆகாது” என்று டாக்டர் சொன்னபோது, “அப்ப மானத்துக்கு?” என்று கேட்டார் டீச்சர். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் இரண்டு பிஸ்கட், பால் விடாத டீ. மத்தியானம் கடைசி வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போன பிறகுதான் வாயில் சோறு. வயிறு காலியாக இருந்தால் சமாளிக்கலாம் என்பது அவர் கணக்கு. வயிறு அந்தக் கணக்கைப் பல நாள் மதிப்பதில்லை.

ஊரில் உள்ள கட்டடங்களுக்கெல்லாம் அவரிடம் தனி மதிப்பெண் உண்டு. செருப்புக்கடைக்காரர் தங்கமான மனிதர், கேட்டால் பின்கதவைத் திறந்துவிடுவார். நூலகம் மத்தியானம் பூட்டிவிடும், நம்ப முடியாது. ஊரே வாயைப் பிளந்து பார்க்கிற புதுக் கடைத்தொகுதியை அவர் ஒரே பார்வையில் தள்ளிவிட்டார். “கண்ணாடி கண்ணாடியா இழைச்சிருக்கான். ஆனா மூணாவது மாடியில கொண்டுபோய் வச்சிருக்கானே மகராசன்.” எதை வைத்திருக்கிறான் என்று சொல்லமாட்டார். கூட இருந்த மாணவி, லிஃப்ட்டைச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இதனால் இவர் மாணவிகளுக்கு ஒரு நன்மை. சட்டென்று, ஆனால் அலுங்காமல் குலுங்காமல் ஓரங்கட்ட இவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. இரண்டு வண்டிக்கு நடுவில் இருக்கும் இடுக்கில் கண் மூடித் திறப்பதற்குள் சொருகிவிடுவார்கள். போன வருஷம் லைசென்ஸ் தேர்வுக்குப் போன ஒருத்தி, பக்கத்தில் அதிகாரி உட்கார்ந்திருக்க, நேராகப் போகச் சொன்ன ரோட்டில் தானாக இன்டிகேட்டரைப் போட்டு, பங்க்குக்குள் வண்டியை விட்டு நிறுத்தினாள். “எதுக்கும்மா இங்க வந்தே?” என்றார் அதிகாரி. “டயர்ல காத்து பாக்கணும் சார். இவ்வளவு தூரம் வந்தா பாக்கணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க.” அதிகாரி கொஞ்ச நேரம் யோசித்தார். சட்டத்தில் இதற்கு எதிராக எதுவும் இருப்பதாக அவருக்கு ஞாபகம் வரவில்லை. பாஸ் போட்டுவிட்டார். இந்தச் செய்தி காதுக்கு வந்த அன்று டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சமையலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதார்.

அந்தப் பங்க்தான் ஊருக்கு எல்லை. அதைத் தாண்டினால் மலை ரோடு. ஏறி இறங்க இரண்டு மணி நேரம். வளைவுக்கு மேல் வளைவு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். கடையோ வீடோ ஒதுங்க ஒரு புதரோ கிடையாது. தேறிய மாணவிகள், “மலை ரோடு எப்ப டீச்சர்?” என்பார்கள். “அது அடுத்த பாடம்” என்பார். அடுத்த பாடத்துக்கு இதுவரை யாரும் போனதில்லை. பங்க் வாசலில் வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டு, அந்த ரோடு முதல் வளைவில் மறைகிற இடத்தைத் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வருவார். மலைக்கு அந்தப் பக்கம் அவர் தங்கை இருந்தாள்.

அக்காவும் தங்கையும் ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்தவர்கள். தங்கைக்குக் கால் எப்போதும் ஜில்லென்றிருக்கும். அந்தக் காலைக் கொண்டுவந்து அக்காவின் கெண்டைக்காலில் வைத்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். ஒரு ஜோக்கைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் தானே சிரித்து, முடிவைச் சொல்லாமலே விட்டுவிடுவாள். அவள் பார்த்த சினிமாவின் கதையை அவள் சொல்லிக் கேட்டால் அது வேறு சினிமாவாக இருக்கும். டீச்சருக்கு இப்போதெல்லாம் பஸ் நிறுத்தத்தில் யாராவது அந்த மாதிரி பாதி ஜோக்கில் சிரித்தால் போதும். வண்டியை நிறுத்தச் சொல்லிக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பார். தங்கையைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு அப்படி ஏக்கமாக இருந்தது. பசியைத் தாங்கப் பழகிய மனுஷிக்கு இதைத் தாங்க முடியவில்லை.

பார்த்து ஆறேழு வருஷம் ஆகிவிட்டது. போனில் பேச்சும் வற்றிப்போயிருந்தது. “மழையா அங்க?” “இல்ல. அங்க?” “இங்கயும் இல்ல.” அவ்வளவுதான். வா வா என்று தங்கை கூப்பிட்டபோதெல்லாம் டீச்சர் காரின்மேல் பழியைப் போட்டார். பேட்டரி போச்சு, கிளட்ச் சரியில்லை, மெக்கானிக் ஊரில் இல்லை. தங்கைக்கும் ஒரு அளவுக்கு மேல் பொறுக்கவில்லை. அக்காவுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டாள். அக்காவின் கோபம் எங்கே ஆரம்பித்தது என்பதும் அவளுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

டீச்சரின் வீட்டுக்காரர் மரக்கடையில் கணக்கு எழுதுகிறவர். சினிமாவுக்குப் போனால் முன்னால் போய் வழி பார்த்து, ஓரத்து சீட்டாகப் பிடித்துவிட்டு வந்து கூட்டிக்கொண்டு போகிற மனுஷன். அவர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “உன் தங்கச்சிகிட்ட சொல்லித் தொலையேன்” என்றார்.

“எப்படிச் சொல்றது? உன் புது வீட்டு நாற்காலியை அசிங்கம் பண்ணிட்டு ஓடி வந்தேன்னா?”

நடந்தது அதுதான். தங்கை புது வீடு கட்டிக் குடிபோன சமயம். எல்லாரும் மேஜையைச் சுற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கையின் கணவர், “என்னக்கா, உங்க வண்டியை நத்தை ஓவர்டேக் பண்ணிடுச்சாமே?” என்று விளையாட்டாகக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். சரியாக அதே நேரத்தில் டீச்சருக்கு வயிற்றில் ஒரு முறுக்கு. இது என்ன என்று அப்போது அவருக்கே தெரியாது, டாக்டரெல்லாம் பிறகுதான். எழுந்திருப்பதற்குள் முடிந்துவிட்டது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மற்றவர்கள் அடுத்த சிரிப்புக்குப் போனதும், சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, நாற்காலியின் குஷனை உருவிப் பைக்குள் திணித்து, சமையலறை வழியாகப் பின்பக்கம் போய், காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஒருவரிடமும் சொல்லவில்லை.

தங்கை வந்து பார்த்தால் அக்காவும் இல்லை, குஷனும் இல்லை. ஜோடியாக வாங்கிய குஷன்களில் ஒன்று. “ஏன் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?” என்று கணவரைப் பிடித்துக்கொண்டாள். அந்த மனுஷன், “கோபம்னா சரி. குஷனை எதுக்கு எடுத்துட்டுப் போனாங்க?” என்று மட்டும் கேட்டார். பிறகு போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். அடுத்த வருஷம் மறுபடி கேட்டார். இரண்டு முறையும் டீச்சர் மென்று முழுங்கி, “அதெல்லாம் நான் மனசுல வச்சுக்கல தம்பி” என்றார். செய்யாத தப்புக்கு ஒருவரை மன்னித்தாயிற்று. அதை இனி எப்படித் திரும்ப வாங்குவது என்று அவருக்கு வழி தெரியவில்லை.

போன மாதம் தங்கை கூப்பிட்டாள். மழையைப் பற்றிக் கேட்கவில்லை.

“வீட்டை வித்தாச்சுக்கா. பையன்கூடவே போய் இருந்துடலாம்னு. கடல் தாண்டி. அடுத்த வாரம் கிளம்பறோம்.”

“எப்ப திரும்பி வருவே?”

“திரும்பி வர்றதுக்கு இங்க எனக்கு யாரு இருக்கா?”

டீச்சர் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“ஞாயித்துக்கிழமை வந்தா வா. வரலேன்னா நானும் இனிமே கூப்பிட மாட்டேன். எனக்கும் வயசாகுதுக்கா. எத்தனை நாள்தான் நானே கெஞ்சறது?”

“வரேன்” என்றார் டீச்சர். சொல்லிவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

சனிக்கிழமை முழுக்கப் பட்டினி. மாத்திரைக்கு மேல் மாத்திரை. வீட்டுக்காரர் தானும் வருகிறேன் என்றார். “வேணாம். நீங்க வந்தா நீங்களும் சேர்ந்து பதறுவீங்க. ஒரு வண்டியில ஒரு ஆள் பதறினா போதும்.” ஞாயிறு காலை தனியாகக் கிளம்பி, பங்க் வரை வந்தார். வகுப்பு இல்லாத நாளில் இவரைக் கண்டதும் பணம் வாங்கும் அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாவியை வைத்தார். போய்விட்டு வந்தார். வண்டியை எடுத்தார். முதல் வளைவு வரை போனார். வளைவுக்கு அந்தப் பக்கம் ரோடு மேலே மேலே போய்க்கொண்டிருப்பதைப் பார்த்ததுமே வயிறு புரண்டது. பயத்தில் புரண்டதா, புண்ணால் புரண்டதா என்று யாருக்குத் தெரியும்? வயிறு அதையெல்லாம் பிரித்துச் சொல்லுமா? ரிவர்ஸ் எடுத்து, திருப்பி, மறுபடி பங்க். மறுபடி சாவி. மறுபடி வளைவு. மறுபடி பங்க்.

அந்த அம்மா இந்தத் தடவை சாவியை மேஜைமேல் வைக்கவில்லை. டீச்சரின் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தார். “நீங்களே வச்சுக்குங்க. அவசரமில்ல” என்றார். அவர் குரல் எப்படி இருக்கும் என்று டீச்சருக்கு அன்றுதான் தெரிந்தது.

காருக்குள் உட்கார்ந்து தங்கையைக் கூப்பிட்டார்.

“எங்க இருக்கே?” என்றாள் தங்கை. குரலில் ஆசை இருந்தது. அதைக் கேட்டதும் டீச்சருக்கு இன்னும் மோசமாகிவிட்டது.

“அடிவாரத்துல. பங்க்ல.”

“அப்புறம் என்ன, ஏறி வாயேன்.”

“ஏற முடியல.”

“தெரியும். வண்டி ரிப்பேர்.” தங்கையின் குரல் வறண்டுவிட்டது. “இந்தத் தடவை என்ன? டயரா, கிளட்ச்சா?”

டயர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். போன் வைக்கப்பட்டுவிடும், எல்லாம் முடிந்துவிடும், வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். டீச்சர் வாயைத் திறந்தார். அந்த வார்த்தை நுனி நாக்கு வரை வந்தது.

“வண்டிக்கு ஒண்ணுமில்ல” என்றார். “எனக்குத்தான்.”

பிறகு சொன்னார். கோர்வையாக வரவில்லை. குடலில் புண் என்றார், அடக்க முடிவதில்லை என்றார், பேண்ட் என்றார், மலை ரோட்டில் ஒதுங்க இடமில்லை என்றார், அன்றைக்கு உன் வீட்டில் அந்த நாற்காலியில் என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

“அப்ப அந்தக் குஷன்?” என்றாள் தங்கை.

“தொவைச்சுப் பாத்தேன். போகல. எரிச்சிட்டேன்.”

அப்புறம் தங்கை போனை விட்டுத் தள்ளி யாரிடமோ பேசுவது கேட்டது. “ஏங்க. இங்க வாங்க. நீங்க காரணமில்லியாம்.”

“எதுக்கு?” என்றது தூரத்தில் ஒரு ஆண் குரல்.

“எதுக்குமே.”

போனுக்குத் திரும்பியபோது தங்கை அழுதுகொண்டிருந்தாள். அழுகையோடு திட்டவும் செய்தாள். “ஏன்க்கா என்கிட்ட சொல்லல? ஒரே போர்வைக்குள்ள தூங்கினவதானே நான்? எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நீ அள்ளிப் போடாததா? ஊர்ல இருக்கவங்ககிட்ட மறைச்சா சரி, நான் யாரு?”

“அதெல்லாம் சின்ன வயசுல.”

“இப்ப மட்டும் நமக்கு வேற வயிறா முளைச்சிருக்கு? அங்கேயே இரு. நகராதே.”

மலையிலிருந்து இறங்கும் பஸ் வர மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரை டீச்சர் பங்க்கில்தான் இருந்தார். பணம் வாங்கும் அம்மா ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். உட்கார்ந்தார், எழுந்தார், தலையைச் சீவினார், கலைத்தார். எழுந்து ஓடிப்போய்விடலாமா என்றுகூட ஒருமுறை யோசித்தார். பஸ் நின்றது. தங்கை இறங்கினாள். முன்நெற்றி முடி முழுக்க வெளுத்திருந்தது. முகம் வெளிறியிருந்தது. இத்தனை வருஷம் கண்ணுக்குள் வைத்திருந்த தங்கை வேறு, இவள் வேறு. ஆனால் வேகமாக எட்டி வைக்கிற அந்த நடை மாறவில்லை. டீச்சர் இரண்டு கையையும் நீட்டினார். நீட்டிய கையில் தங்கை தன் தோள்பையைத் திணித்தாள்.

“கட்டிப் பிடிக்கிறதெல்லாம் அப்புறம்க்கா. முதல்ல பாத்ரூம் சாவியை வாங்கிக் கொடு. குலுக்கிக் குலுக்கிக் கொண்டுவந்து போட்டுட்டான். வழியில ஒரு இடம்கூட இல்லியே. நீ எப்படி இத்தனை நாள்…” என்றவள் முடிக்கவில்லை. முடிக்க நேரமும் இல்லை. கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அதற்குப் பிறகு, குழாய்ச் சத்தத்துக்கு நடுவே, உள்ளே அவள் தனியாகச் சிரிப்பது கேட்டது. என்ன ஜோக் என்று யார் கண்டார்கள்.

டீச்சர் வெளியே நின்றார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவருக்குப் பழக்கமில்லை. அடுத்த வாரம் இவள் கடல் தாண்டிப் போய்விடுவாள் என்பது ஞாபகம் வந்தது. இருக்கட்டும், இப்போது இதோ, ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள்.

ஒரு வேன் வந்து நின்றது. ஒரு பெரிய மனுஷர், டையெல்லாம் கட்டியவர், இறங்கி அவசரமாக வந்தார். “உள்ள யாராவது இருக்காங்களா?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

“என் தங்கச்சி இருக்கா” என்றார் டீச்சர், பெட்ரோல் போட நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி.

“ரொம்ப நேரமாகுமோ?”

“ஆகட்டும் சார். மெதுவா வரட்டும்” என்று சொல்லிவிட்டு, தங்கையின் பையை மாரோடு அணைத்துக்கொண்டு, கதவை மறைத்தாற்போல் காலை அகட்டி நின்றுகொண்டார் டீச்சர்.